பேசாத இரண்டு பேரோடு சிப்பிக்கல் கோட்டைக்கு

எங்கே, ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம், புளோரிடாவின் கிழக்குக் கரையில் சென்ற் ஒகஸ்ரின் என்ற ஊரில் ஸ்பானியர் கட்டிய கடற்கோட்டை. ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர். காரணம், என் அப்பாவும் சித்தப்பாவும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. சித்தப்பா ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் உள்ள வீட்டை விற்றுவிட்டு மே மாதக் கடைசியில் மகளோடு இருக்க எட்மன்ரனுக்குக் குடிபோகிறார். அதற்குள் ஏதாவது செய்யவேண்டியிருந்தது. கோட்டைத் தகவல் மட்டும் வேண்டும் என்பவர்கள் வீதிக் கதையைத் தாண்டிப் போகலாம், நான் கோபிக்கமாட்டேன்.

சண்டை எதனால் என்றால், ஒரு மரண அறிவித்தலால். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்தால் இணையத்தில் அறிவித்தல் போடுவோம். அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், மைத்துனிமார் என்று ஒவ்வொரு பெயராக வரும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த மனிதர் குடும்பத்தில் இல்லை என்று உலகத்துக்கே சொன்னதாக அர்த்தம். பெரியப்பா இறந்தபோது அப்பாதான் தொலைபேசியில் பெயர்களைச் சொன்னார். வந்த அறிவித்தலில் சித்தியின் பெயர் இல்லை.

"எழுதினவன் விட்டிட்டான்" என்றார் அப்பா. யாரும் நம்பவில்லை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். சித்தி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். சித்தப்பா அவரை விரும்பிக் கட்டியபோது அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. அதெல்லாம் பிறகு சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அறிவித்தல் வந்த பிறகு ஒரே நகரம், ஒரே கோயில், ஒரே பூசை, ஆனால் இரண்டு பேரும் இரண்டு மூலையில் தனித்தனி வாங்கில் இருப்பார்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், சுயநலம்தான். எனக்குப் பதினாலு வயதாகும் வரைக்கும் ஒவ்வொரு மார்ச் விடுமுறைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே வான் வண்டியில் புளோரிடாவுக்குப் போவோம். எங்கும் தங்குவதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறி ஓட்டுவார்கள். "படுக்கிறதுக்கும் காசு குடுக்கிறதோ" என்பது கொள்கை. வானுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. முன் சீற்றில் இருப்பவர் நித்திரை கொள்ளக்கூடாது, ஓட்டுபவர் கண் அயராமல் கதைத்துக்கொண்டே வரவேண்டும். நானும் சித்தப்பாவின் மகளும் கடைசி வரிசையில், தலையணைகளுக்கும் வழியில் தின்னக் கட்டிய ரோல்ஸ் பெட்டிக்கும் நடுவில் நெளிந்துகொண்டு படுத்திருப்போம். முன்னால் அந்த இரண்டு குரலும் ஓடிக்கொண்டே இருக்கும். யார் யாருடைய சைக்கிளைத் திருடினது, எந்த மாஸ்ரர் எப்படி அடித்தது, கள்ளத் தோணியில் வந்தவன் இப்போது எத்தனை வீடு வைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்தக் கடைசி வரிசையில் படுத்துக்கொண்டு கேட்டதுதான். பிறகு எத்தனையோ நல்ல கார்களில் போய்விட்டேன். அப்படி நித்திரை கொண்டதில்லை.

இந்தக் கோட்டையையும் அப்போது ஒவ்வொரு வருடமும் பார்த்தேன், வெளியிலிருந்து மட்டும். ஒர்லாண்டோவுக்கு முன் கடைசி நிறுத்தம் இதுதான். கோட்டைக்கு முன்னால் உள்ள புல்லில் சீலையை விரித்து எல்லோரும் சாப்பிடுவோம். உள்ளே போவோமா என்று கேட்டால் அப்பா, "கோட்டை எண்டா உள்ள ஆமி இருக்கும். என்னத்தைப் பாக்கிறது" என்பார். ஊரில் கோட்டை என்றால் அதற்குள் இராணுவ முகாம்தான். சித்தப்பா தலையாட்டுவார். அந்த ஒரு விசயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இப்போது எனக்கு முப்பத்தொன்று. கட்டமைப்புப் பரிசோதனை செய்வது என் தொழில். கொண்டோ எனப்படும் அடுக்குமாடிகளின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடங்களில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கொங்கிறீற் எங்கே உள்ளுக்குள் கழன்றிருக்கிறது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். முந்நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் நிற்கும் ஒரு கட்டடத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியது எனக்கு நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று திட்டம் போட்டேன்.

சுற்றிவளைக்க எனக்குப் பொறுமையில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியே தொலைபேசி எடுத்து, "மற்றவரும் வாறார். நீங்கள் கதைக்கத் தேவையில்லை. கார் நான்தான் ஓடப்போறன்" என்றேன். அப்பா, "அவன் வாறானெண்டா நான் ஏன் வராமல் விடவேணும்?" என்றார். சித்தப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். சித்தியையும் கூப்பிட்டேன். "வீட்டுச் சாமானைப் பெட்டியில கட்டுறதுக்கு ஆள் வேணும், நான் வரேல்லை. நீ கூட்டிக்கொண்டு போ. ஆனா எனக்காக எண்டு ஒருத்தரும் கதைக்க வேண்டாம்" என்றார்.

குளிர்கால ரயர்களைக் கழற்றிய மறு வாரம், ஏப்ரல் நடுவில், வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ரூஜில் உள்ள அப்பா வீட்டிலிருந்து புறப்பட்டோம். இந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு ஏன் போகிறாய் என்று பாதிப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பஃபலோ பாலத்தில் உத்தியோகத்தர் மூன்று கடவுச்சீட்டையும் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்டார். அப்பா, "மை பிரதர்" என்றார். அந்த ஆறு வருடத்தில் அப்பா வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பா யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை எளிது. ஈறி ஏரியை ஒட்டித் தென்மேற்கே போய், 79ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பென்சில்வேனியாவை ஊடறுத்து, வெஸ்ற் வேர்ஜீனியா மலைகளுக்குள் 77இல் ஏறவேண்டும். அங்கே மூன்று சுங்கச்சாவடிகள் உண்டு. கரோலினாக்களைத் தாண்டி 95 வந்துவிட்டால் பிறகு நேர்கோடு, இரண்டு பக்கமும் பைன் மரம், அலுப்பு.

காருக்குள் நடந்ததையும் எழுதவேண்டும். இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள், எனக்கு நடுவில் நின்று பழக்கமில்லை.

"தம்பி, கொப்பருக்கு ரீ வேணுமோ எண்டு கேள்" என்றார் சித்தப்பா.

"வேண்டாமெண்டு உன்ர சித்தப்பனுக்குச் சொல்லு. சீனி போட்டிருப்பான்."

"சீனி போடேல்லை எண்டு சொல்லு."

"அப்ப தரச்சொல்லு."

மூன்று பேர் இருக்கும் ஒரு காருக்குள் இது நடந்துகொண்டிருந்தது.

வெஸ்ற் வேர்ஜீனியாவில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சித்தப்பா ஓட்டுவதாகச் சொன்னார். நான் பின்னால் படுக்கவேண்டும், ஆகவே அப்பா முன்னுக்குப் போகவேண்டும். முன்னுக்கு இருப்பவர் கதைக்கவேண்டும். அப்பா பழைய சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. பேசாமல் இருக்கிற விரதத்தையும் விடமாட்டார். அவர் கண்டுபிடித்த வழி, வீதிப் பலகைகளை ஒன்றுவிடாமல் உரத்து வாசிப்பது. "பெக்லி, பன்னிரண்டு மைல். பெற்றோல் இருக்கு. சாப்பாடு இருக்கு. பாறை விழும், கவனம். லொறிகள் கியரைக் குறைக்கவும்." வேளாங்கண்ணி மாதா மன்றாட்டு மாலை சொல்வதுபோல ஒரே சுருதி. ஒன்றரை மணித்தியாலம். சித்தப்பா ஒரு சொல் பேசவில்லை. ஆனால் "வேகம் ஐம்பது" என்று அப்பா வாசித்த இடத்தில் கார் வேகம் குறைந்தது எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்தத் தடவை இடையில் தங்கினோம், நான் விட்டுக்கொடுக்கவில்லை. சார்லட்டுக்குத் தெற்கே ஒரு மோட்டல், மூன்று பேருக்கு ஒரே அறை, வரியோடு தொண்ணூற்றுச் சொச்சம் அமெரிக்க டொலர். இரண்டு பெரிய கட்டில், ஒரு மடக்குக் கட்டில். யார் யாரோடு படுப்பது என்ற கேள்வி வரமுதலே நான் மடக்குக் கட்டிலை விரித்துத் தரையோரம் படுத்துவிட்டேன். அடுத்த நாள் பகல் ஒரு மணிக்குச் சென்ற் ஒகஸ்ரின்.

இனிக் கோட்டை.

பெயர் காஸ்தியோ டி சான் மார்க்கோஸ், புனித மாற்குவின் கோட்டை. ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலத்தில் இருக்கும் கற்கோட்டைகளில் இதுதான் மிகப் பழையது. 1672இல் தொடங்கி 1695இல் முடித்தார்கள். அதற்கு முன் அதே கரையில் ஒன்றன்பின் ஒன்றாக மரக்கோட்டைகள் கட்டி, அவை உக்கியும் எரிந்தும் போயின. கடற்கொள்ளையர் ஊருக்குள் புகுந்து சூறையாடிய பிறகுதான் ஸ்பானிய அரசாங்கத்துக்குக் கல்லுக்குக் காசு கொடுக்க மனம் வந்தது. எங்கள் கொண்டோச் சபைகளும் இப்படித்தான். கூரை ஒழுகி ஆள் நனைந்த பிறகுதான் ஒப்பந்தம் கையெழுத்தாகும்.

கட்டியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திட்டம் ஸ்பானிய பொறியியலாளருடையது. கல் அறுத்ததும் சுமந்ததும் மிசன் எனும் பாதிரியார் குடியிருப்புகளிலிருந்து கொண்டுவந்த பூர்வகுடிகள், கியூபாவிலிருந்து வந்த கைதிகள், அடிமைகள். பலகைகளில் இது எழுதியிருக்கிறது. வாசியுங்கள்.

நான் இரண்டாயிரம் கிலோமீற்றர் வந்தது அந்தக் கல்லுக்காக. அதன் பெயர் கொக்கீனா. எதிரே இருக்கும் தீவில் வெட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது கல்லே இல்லை. விரல் நகம் அளவுச் சிப்பி ஓடுகள் இலட்சக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கிடக்கின்றன. நிலத்திலிருந்து எடுக்கும்போது ஈரமாகவும் மெதுவாகவும் இருக்கும், நீண்ட காலம் காயவிட்டுத்தான் கட்டுவார்கள். எந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாலும் "பலவீனமானது, பாவிக்க வேண்டாம்" என்றுதான் அறிக்கை வரும். நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் 1702இல் கரோலினாவிலிருந்து வந்த ஆங்கிலேயர் பீரங்கியால் அடித்தபோது சுவர் உடையவில்லை. கருங்கல் என்றால் குண்டு பட்ட இடத்திலிருந்து வெடிப்பு ஓடும். இது நொறுங்கிக் குண்டை உள்ளே வாங்கிக்கொண்டது. ஓடுகளுக்கு நடுவே காற்றிடைவெளி நிறைய, அடியின் விசை அந்தச் சிறு இடத்திலேயே செத்துப்போகும். சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு மேல் தடித்த சுவர், அதுவும் சிப்பி ஓட்டால். 1740இல் திரும்ப வந்து அடித்தார்கள், திரும்பவும் அதே கதை. இந்தக் கோட்டையைச் சண்டை போட்டு யாரும் பிடித்ததில்லை. ஸ்பெயின், பிரித்தானியா, திரும்ப ஸ்பெயின், பிறகு அமெரிக்கா என்று கைமாறியதெல்லாம் மேசையில் ஒப்பந்தம் எழுதித்தான்.

நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பதினைந்து அமெரிக்க டொலர். வாசலில் அப்பா ஒரு கணம் நின்றார். அகழிக்கு மேல் மரப்பாலம், அதற்கு அப்பால் வளைந்த வாயில், மேலே ஸ்பானிய அரச இலச்சினை. "ஆமி இல்லைத்தானே" என்றார். பகிடியாகத்தான் சொன்னார், பாதி.

உள்ளே சதுர முற்றம், சுற்றிவர அறைகள். அறைகளுக்கு முதலில் மர உத்தரத்தில் தட்டைக் கூரை இருந்தது. பிறகுதான் குண்டு தாங்கும் வளைவுக் கூரையாக மாற்றினார்கள். வளைவு நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், பாரம் நேராகச் சுவருக்கு இறங்குகிறது. சாந்து, சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. தரையும் சுண்ணாம்பு, மணல், உடைந்த சிப்பி. அந்தக் காலத்தில் வெளிச்சுவர் முழுக்க வெள்ளைச் சாந்து பூசி, மூலைக் காவற்கூண்டுகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்களாம். சாந்துதான் மழையை ஏற்கும் தோல், கல் உள்ளே பத்திரமாக இருக்கும். இப்போது அந்தத் தோல் உரிந்துவிட்டது. சுவரைத் தொடாதீர்கள், ஏறாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. கை பட்டால் ஓடு உதிர்கிறது.

சிற்றாலய அறையில் சுவரிலேயே குடைந்த தீர்த்தக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, வறண்டு கிடக்கிறது. அப்பா போகிற போக்கில் விரலை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். ஒரு நிமிடம் கழித்து சித்தப்பாவும் அதே இடத்தில் விரல் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கோட்டையின் வரைபடம் மாட்டியிருந்த பலகைக்கு முன்னால் என் வழியான பேச்சு திரும்பத் தொடங்கியது. நடுவில் சதுரம், நாலு மூலையிலும் அம்புமுனைபோல வெளியே நீட்டிய கொத்தளங்கள்.

"தம்பி, மன்னார்க் கோட்டையும் நாலு கொத்தளம்தான். இதில பாதி வரும் எண்டு கொப்பருக்குச் சொல்லு."

"பாதியோ? அது இதைவிடப் பெரிசு எண்டு சொல்லு. உவனுக்கு அப்ப வயசு காணாது, என்ன தெரியும்."

"அளந்து பாத்தவரோ எண்டு கேள்."

நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு விசயம் சொன்னேன். மன்னார்க் கோட்டையைக் கட்டியது போர்த்துக்கேயர். 1580 முதல் அறுபது வருடம் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன். ஆக மன்னாரில் நின்ற காவற்காரனும் இந்தக் கரையில் மரக்கோட்டையில் நின்ற காவற்காரனும் ஒரே ராசாவுக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்டா?" என்றார்.

1702 முற்றுகையின்போது ஊர்ச்சனம் முழுக்க இந்த முற்றத்துக்குள் வந்து அடைந்தது. ஆங்கிலேயர் வெளியே ஊரை எரித்தார்கள். ஆடுமாடுகளை அகழிக்குள் விட்டு வைத்திருந்தார்கள். இந்த அகழியில் பெரும்பாலும் தண்ணீர் இல்லை, இப்போதும் புல்தான். சித்தப்பா அந்தப் பலகையை இரண்டு தடவை வாசித்தார். "மாட்டையும் கொண்டுவந்தவங்கள். யுத்தத்துக்குள்ள நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடேக்க ஆடு எல்லாத்தையும் அவிழ்த்துவிட்டிட்டு ஓடினம்" என்றார் என்னிடம். கொஞ்சம் தள்ளி நின்ற அப்பா, பலகையைப் பார்த்தபடியே, "ஏழு ஆடு" என்றார்.

மேலே பீரங்கித் தளத்துக்கு ஏறியபோது மணி மூன்றரை. கொத்தளங்களுக்குப் புனிதர்களின் பெயர். தென்மேற்கில் இராயப்பர், வடமேற்கில் சின்னப்பர். கடல் பக்கம் அகுஸ்தீனாரும் கார்லோசும். இந்த வடிவத்தின் அடிப்படை எனக்குப் புத்தகத்தில் தெரியும், நேரே பார்க்க ஆசை. பழைய கோட்டைகளின் வட்டக் கோபுரத்தில் ஒரு கோளாறு உண்டு. எதிரி கோபுரத்தின் அடிக்கே வந்துவிட்டால் மேலே நிற்பவனுக்கு அவன் தெரியமாட்டான். அம்புமுனைக் கொத்தளத்திலும் உன் காலடி உனக்குத் தெரியாதுதான், மதில் அவ்வளவு தடிப்பு. ஆனால் பக்கத்துக் கொத்தளத்தில் நிற்பவனுக்கு அது முழுக்கத் தெரியும், அவனுடைய அடி உனக்குத் தெரியும். மறைவிடம் என்று ஓரங்குலமும் மிஞ்சாது. தனியாக நின்றால் எந்தக் கொத்தளமும் உதவாது. அது வெறும் கணக்கு, ஆனால் நல்ல கணக்கு.

படத்துக்கு அளவு காட்ட ஆள் தேவைப்பட்டது. அப்பாவை இராயப்பர் கொத்தளத்தில் நிறுத்தினேன். சித்தப்பாவைச் சின்னப்பரில். இடையில் கூப்பிடு தூரம். நான் நடுச்சுவரில் நின்று கமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. சித்தப்பாவின் தொப்பியைத் தூக்கி மதிலுக்கு அப்பால் போட்டது.

அது எட்மன்ரனில் இருக்கும் மருமகன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தொப்பி. சித்தப்பா மதிலோரம் எட்டி எட்டிப் பார்த்தார். தெரியவில்லை. இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார். எனக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

"டேய்!"

அப்பாதான். கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். சுற்றுலாக்காரர் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், கீழ, உன்ர காலடியில கிடக்கு! மூலையில இருந்து இஞ்சால!"

சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "எவ்வளவு இஞ்சால?" என்று கத்தினார்.

"ஒரு பத்தடி. சுவரோட ஒட்டிக் கிடக்கு. நீ எட்டிப் பாக்காத, விழுந்து துலையாத. தெரியாது உனக்கு."

நான் கீழே ஓடி வாசலில் நின்ற பூங்கா உத்தியோகத்தர் பெண்ணிடம் சொன்னேன். நீங்கள் இறங்கவேண்டாம், நானே எடுக்கிறேன் என்று அகழிக்குள் இறங்கினார். மேலேயிருந்து அப்பா வழி காட்டினார். "லெஃப்ற், மடம். மோர் லெஃப்ற். யெஸ், யெஸ், தேர்." சித்தப்பா மற்றக் கொத்தளத்திலிருந்து, "கிடைச்சுதோ? கிடைச்சுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பொறடா, எடுக்கிறா" என்றார் அப்பா.

தொப்பியோடு நான் மேலே வந்தபோது சித்தப்பா இராயப்பர் கொத்தளத்துக்கு வந்துவிட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு பீரங்கியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"உதுக்கு ஒரு நாடா கட்டு" என்றார் அப்பா.

"ம்." சித்தப்பா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "அண்ணை, தொப்பிக் கதை கதைச்சது கதைச்சதாகாது."

"தெரியும்."

"எனக்கு நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. என்ர பேர் அறிவித்தலில இருந்தது. அவளுக்குச் சொல்லுங்கோ."

அப்பா கடலைப் பார்த்தார். நான் பொறுமையில்லாதவன், கமராப் பையை மூடித் திறந்து மூடினேன். பிறகு அப்பா என்னிடம் சித்தியின் இலக்கத்தைக் கேட்டார். அவரிடம் இருக்கவில்லை. என் தொலைபேசியிலேயே எடுத்துக் கொடுத்தேன். அப்பா எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார், அதனால் எல்லாம் கேட்டது.

"ஹலோ, சொல்லு தம்பி."

"தம்பி இல்லை. நான்."

"ஆர்? அத்தானோ? ஏன், இவருக்கு ஏதுமோ?"

"இல்லை, இல்லை. இஞ்சதான் நிக்கிறான். தொப்பி விழுந்திட்டுது, எடுத்தாச்சு."

"ஆறு வருசத்துக்குப் பிறகு தொப்பி விழுந்ததைச் சொல்லவோ எடுத்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. உந்த அறிவித்தல் விசயமா..."

"அத்தான்." சித்தி குரலை உயர்த்தவில்லை. "உது போனில கதைக்கிற விசயமில்லை. போனில சொல்லித்தானே அது அப்பிடி வந்தது. சொல்லுறதெண்டா வந்து சொல்லுங்கோ."

வைத்துவிட்டார். சித்தப்பா சிரிப்பை அடக்குவதற்காக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். கடல் பக்கச் சுவரில் குண்டு பட்ட குழிகளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. எனக்கு அதில் இன்னும் எரிச்சல்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். குறைந்தது மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். நான் போனபோது நுழைவுச்சீட்டு ஏழு நாளுக்குச் செல்லும் என்று இருந்தது, ஆகவே ஒரு நாள் பின்னேரமும் மறுநாள் காலையும் போவது புத்தி. கட்டணமும் நேரமும் மாறக்கூடும், பார்த்துவிட்டுப் போங்கள். கோட்டைக்குப் பக்கத்துக் கார்த் தரிப்பிடம் சிறியது, மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும். தெருவில் சுற்றி நேரத்தை வீணாக்காமல் நகரத்தின் அடுக்குத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்துவாருங்கள். மேல்தளத்தில் நிழல் கிடையாது, படிகள் செங்குத்து, முழங்கால் வருத்தக்காரருக்குக் கீழ் அறைகள் போதும். அறுபது தாண்டியவர்களுக்குப் பயணக் காப்புறுதி எடுக்காமல் எல்லையைக் கடக்காதீர்கள். எங்களுக்குப் போகவரப் பெற்றோல் முந்நூறு அமெரிக்க டொலருக்குக் கிட்ட, தங்கியது மூன்று இரவு. பீரங்கிச் சூடு காட்டுவது குறித்த நாட்களில் மட்டும். நாங்கள் போன அன்று எதுவும் சுடவில்லை, பரவாயில்லை.

இன்னொன்று. இந்த இடம் வெறும் வீரக்கதை இல்லை. அமெரிக்கரின் கைக்கு வந்த பிறகு இதே அறைகளில் பூர்வகுடிகளைச் சிறைவைத்திருந்தார்கள். அந்த அறைகளையும் அவசரப்படாமல் பாருங்கள். நான் அவசரப்பட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ரொறன்ரோவுக்குள் வந்தோம். திரும்பும் வழியில் இரண்டு பேரும் அளவாகப் பேசினார்கள். பெற்றோல் விலை, முதுகு, எட்மன்ரன் குளிர். என் வழியாக இல்லை, நேராக. வானின் கடைசி வரிசையில் நான் கேட்ட பேச்சு இது இல்லை. அது திரும்பி வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. 401ஆம் நெடுஞ்சாலையில் ரூஜுக்குத் திரும்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கையில் அப்பா, "முதல் அஜின்கோர்ட்டுக்கு விடு" என்றார்.

சித்திதான் கதவைத் திறந்தார். பின்னால் நடை முழுக்க அட்டைப் பெட்டிகள். சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அப்பா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லி சித்தியும் சொல்லவில்லை. நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எழுதினவன் விடேல்லை" என்றார் அப்பா. "நான்தான் சொல்லேல்லை."

"தெரியும் அத்தான்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஜேர்மனியில இருக்கிற பெரியத்தான்ர மச்சாளை ஒருக்காவும் நீங்கள் கண்டதில்லை. அவவின்ர பேர் பிழையில்லாமல் வந்திருந்தது. அப்ப என்ர பேரை மறந்திருப்பீங்களோ?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயது மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. போவோம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"இப்ப சொல்லுங்கோ" என்றார் சித்தி.

"என்னத்தை?"

"என்ர பேரை."

அப்பா சொன்னார். அறிவித்தலில் வருவது போல, முழுதாக. "பரமேஸ்வரி அந்தோனிப்பிள்ளை." அந்தோனிப்பிள்ளை சித்தப்பாவின் பெயர். எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

சித்தி கதவைப் பெட்டியில் இடிக்கும்வரை அகலத் திறந்தார்.

"வாங்கோ" என்றார். "இருக்கக் கதிரை இல்லை. எல்லாம் கட்டியாச்சு."